நாற்பத்து மூன்றாம் நம்பர் ஸ்பூன்

விமானப்படைக் குடும்ப உதவிச் சங்கத்தின் செயலாளர் அம்மாளுக்கு உலகத்தில் இரண்டே பேரைக் கண்டால்தான் பயம். ஒருவர் டூல்ஸ் மாமா. இன்னொருத்தி பதினேழாம் நம்பர் வீட்டுப் பெண். அந்த இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே ஹாலில் சேர்ந்து தன்னைத் தலையால் தண்ணீர் குடிக்க வைப்பார்கள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

டூல்ஸ் மாமாவை முதலில் சொல்லிவிடுவோம், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். விமானத்தளத்தில் முப்பத்தோரு வருடம் டூல்ஸ் அறையைக் கட்டி ஆண்டவர். காலையில் மெக்கானிக்குகளுக்கு ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக் கொடுப்பார், சாயங்காலம் எண்ணி வாங்குவார். பலகையில் ஒவ்வொரு டூலின் உருவத்தையும் வரைந்து, அந்த உருவத்தின் மேலேயே அதை மாட்டிவைப்பார். ஒரே ஒரு இடம் காலியாக இருந்தாலும் தீர்ந்தது. அந்த ஸ்க்ரூடிரைவர் எந்த இன்ஜினுக்குள் கிடக்கிறதோ, யார் கண்டது? விமானம் கிளம்பாது. ஒரு ஆள்கூட வீட்டுக்குப் போக முடியாது, எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் சரி. கிடைக்கும்வரை தேட வேண்டியதுதான்.

சரியான சட்டம்தான், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மனுஷன் ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருந்தாரா? சங்கத்துச் சமையலறையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்து நின்றார். ஒரே மாதத்தில் சுவரில் பலகை ஏறிவிட்டது. கரண்டி, கத்தி, வடிகட்டி, அறுபது ஸ்பூன். ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்புப் பெயிண்டில் நம்பர். விருந்து முடிந்து கடைசி ஸ்பூன் பலகை ஏறும்வரை யாரும் வாசலைத் தாண்டக்கூடாது என்று ஒரு அறிவிப்பு வேறு. அதுவரை எதுவும் தொலையாததால் எல்லோரும் அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

பதினேழாம் வீட்டுப் பெண்ணின் கதை வேறு. கல்யாணமாகி விமானப்படைக் குடியிருப்புக்கு வந்த இரண்டாவது வாரமே அவள் புருஷனை ஆறு மாத வேலைக்குத் தொலைவில் ஒரு தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் அங்கிருந்து சங்கத்துக்குக் கடிதம் போட்டான். ‘என் மனைவிக்கு அங்கே யாரையும் தெரியாது. போனில் நன்றாக இருக்கிறேன் என்கிறாள். குரலைக் கேட்டால் அப்படித் தெரியவில்லை. கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.’

செயலாளர் அம்மாள் அதைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். உடனே பழக்கூடையும் கையுமாகக் கிளம்பினார். ஏழு வாரத்தில் நான்கு முறை போய்விட்டார். நான்கு முறையும் ஜன்னல் திரை நாலு விரல் அகலத்துக்கு விலகும். “எப்படிம்மா இருக்கே?” என்று இவர் குரலை உருக்கிக் கேட்பார். “நல்லா இருக்கேன் ஆன்ட்டி” என்று பதில் வரும். திரை மூடிக்கொள்ளும். பழக்கூடை போனது போலவே திரும்பி வரும். வீட்டில் அவருடைய கணவர் வாரக்கணக்கில் ஆப்பிளாகத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

ஆகையால் அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு, சங்கத்தின் தேநீர் விருந்துக்கு அவளே நடந்து வந்து வாசலில் நின்றபோது அம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“வாம்மா, வாம்மா! உள்ள வா!”

“அஞ்சு மணி பஸ்ல அம்மா வீட்டுக்குப் போறேன் ஆன்ட்டி. அவர் வர்ற வரைக்கும் அங்கதான் இருக்கப் போறேன். நீங்க அத்தனை தடவை வந்தீங்களே, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“ஏம்மா, இங்க என்ன குறை?”

“குறையெல்லாம் இல்ல. இங்க இருந்து என்ன பண்றது?”

அம்மாளுக்கு அந்தக் கடிதம் கண்முன் வந்து நின்றது. அந்தப் பையனுக்கு என்ன பதில் எழுதுவது? பார்த்துக்கொள்ளச் சொன்னான், நாங்கள் பார்த்துக்கொண்ட அழகில் உன் பெண்டாட்டி மூட்டையைக் கட்டிவிட்டாள் என்றா? கையில் இருப்பது இரண்டு மணி நேரம். அதற்குள் இவள் மனதை மாற்றியாக வேண்டும். குடியிருப்பிலேயே நல்ல வாயாடிகளாக நான்கு பெண்களைப் பொறுக்கி, அவர்கள் நடுவில் அவளைக் கொண்டுபோய் உட்காரவைத்தார். அவர்களும் குறை வைக்கவில்லை. சொந்த ஊர் எது, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர் இல்லாமல் ராத்திரி பயமாக இல்லையா, ஏதாவது விசேஷம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார்கள். அவள் ‘ம்’, ‘இல்ல’ என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே அத்தனைக்கும் பதில் சொல்லி முடித்தாள். கண் முழுக்க ஃப்ரூட் சாலட் கிண்ணத்தில் இருந்தது.

மூன்றே முக்காலுக்கு, திரும்பி வந்த ஸ்பூன்களை எண்ணி முடித்துவிட்டு டூல்ஸ் மாமா சமையலறையிலிருந்து வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“நாற்பத்து மூணு காணோம்” என்றார்.

அவ்வளவுதான். ஒரு நாற்காலியை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஹாலில் ஏழெட்டு மெக்கானிக்குகள் இருந்தார்கள். இவராவது சிரிப்பார், அவராவது ‘போங்க மாமா’ என்பார் என்று அம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ம்ஹூம். ஏழெட்டுப் பேரும் ஏக காலத்தில் எழுந்து, பைக்குள் இருந்ததை எல்லாம் மேசையில் கொட்டி, காலியான பையை வெளியே இழுத்துக் காட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் அதற்குள் தரையில் படுத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்களாவது எதிர்த்தார்களா? அதுவும் இல்லை. நான்கு வாயாடிகளில் மூத்தவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, “பத்து வருஷமா ஸ்பேனர் காணோம், அதான் லேட்டுன்னு வந்து நின்னீங்களே, இதானா அது? நல்லாத்தான் இருக்கு!” என்று புருஷனைப் பார்த்துச் சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் புகுந்தாள்.

“மாமா, இது ஸ்பூன்” என்றார் அம்மாள்.

“தெரியும்மா.”

“எந்த இன்ஜினுக்குள்ளயும் போகாது.”

“போயிருக்காதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?”

“அந்தப் பொண்ணு அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிக்கணும், மாமா. ஏழு வாரம் கழிச்சு இன்னிக்குத்தான் வெளிய வந்திருக்கா. அவளைப் பிடிச்சு அடைச்சு வெச்சா நம்ம சங்கத்தைப் பத்தி என்ன நினைப்பா?”

“ஸ்பூன் கிடைச்சா அடுத்த நிமிஷம் நான் எந்திரிச்சுடுவேன். நானா தொலைச்சேன்?” ஒற்றைக் காலில் நின்றார் என்று சொல்லலாம், ஆனால் மனுஷன் வசதியாக உட்கார்ந்துகொண்டல்லவா சாதித்தார்.

மணி நான்கு பத்து. குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தார்கள். கேக்கைக் குறுக்காக ஆறு தடவை வெட்டிப் பார்த்தார்கள். ஒரு மெக்கானிக் டீ கெட்டிலுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினார். யாரோ கோலக்கட்டி கொண்டு ஹாலைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு சதுரம் என்று கொடுத்திருந்தார்கள். அந்த அமளியில் பதினேழாம் வீட்டுப் பெண் எந்த மூலையில் அகப்பட்டுத் தவிக்கிறாளோ என்று அம்மாளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

அப்போதுதான் அவருக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. சங்கத்து ஸ்பூனும் தன் வீட்டு ஸ்பூனும் ஒரே கடையில் வாங்கியவை. வீடு எதிர்ச் சாரியில்தான். சமையலறையில் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஜன்னல் வழியாகப் பின்பக்கம் குதித்து, ஓடிப்போய் ஒரு ஸ்பூனை எடுத்து, மகளுடைய சிவப்பு நெயில் பாலிஷால் அதன் முதுகில் 43 என்று எழுதி, வாயால் ஊதிக்கொண்டே திரும்பினார். ஐம்பத்தைந்து வயதில் இது சாதாரணக் காரியமா? ஆனால் வெளிப்பக்கம் ஸ்டூல் இல்லை. பாதி உடம்பு சமையலறையில், பாதி உடம்பு வெளியே என்று ஜன்னலில் சிக்கிக்கொண்டார்.

“கையைக் குடுங்க ஆன்ட்டி” என்று ஒரு குரல் கேட்டது. பதினேழாம் வீட்டுப் பெண். தலைமுடியெல்லாம் ஒட்டடை, கன்னத்தில் கிரீம். இரண்டு கையையும் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். இருவரும் மாவு டப்பாவின் மேல் விழுந்தார்கள்.

“மன்னிச்சுக்கம்மா, இதோ உன்னை அனுப்பிடறேன்” என்று மாவைத் தட்டிக்கொண்டே அம்மாள் ஹாலுக்கு ஓடினார். “கிடைச்சிருச்சு! கிடைச்சிருச்சு!”

டூல்ஸ் மாமா ஸ்பூனை வாங்கினார். கண்ணாடியை மாட்டினார். திருப்பினார், முகர்ந்தார்.

“இது நம்ம ஆள் இல்லை” என்றார். “நம்ம நாற்பத்து மூணுக்குக் கழுத்துல ஒரு பல் தடம் இருக்கும். இதுல இல்ல. வாசனை வேற அடிக்குது. அப்போ ஒண்ணு காணோம், ஒண்ணு அதிகம். அது எங்க போச்சு, இது எங்கேருந்து வந்துச்சு, ரெண்டையும் கண்டுபிடிச்சாகணும்.” பிறகு ஹாலைப் பார்த்து, “எல்லாரும் கேளுங்க, வெளி ஸ்பூன் ஒண்ணு உள்ள புகுந்திருக்கு!” என்று குரல் கொடுத்தார். மெக்கானிக்குகள் இரட்டிப்பு உற்சாகத்தோடு தரையில் விழுந்தார்கள்.

மணி நான்கு ஐம்பது. அம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. தான் ஏறிக் குதித்த ஜன்னல் வழியாக அந்தப் பெண்ணையே அனுப்பியிருக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. முதலிலேயே உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை, விடுங்கள். சமையலறைக்கு ஓடினார். அந்தப் பெண் அங்கே அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏறும்மா ஸ்டூல்ல! நான் தள்ளி விடறேன். ஓடினா பஸ்ஸைப் பிடிச்சிடலாம். எங்க மேல கோவிச்சுக்காதே. உங்க வீட்டுக்காரருக்கு நானே எழுதறேன், எங்க தப்புதான்னு.”

அவள் ஸ்டூலைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தோளில் மாட்டியிருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து, விரித்துக் காட்டினாள். கைக்குட்டைக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நடுவில் கழுத்தில் பல் தடத்தோடு நாற்பத்து மூன்று படுத்திருந்தது.

அம்மாள் குனிந்து அந்தப் பல் தடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“எப்போ கிடைச்சுது?”

“மாமா வந்து உக்காந்து பத்து நிமிஷத்துல. திரைக்குப் பின்னாடி கிடந்தது.”

“அடிப்பாவி! அப்புறம் ஏன் குடுக்கல?”

“குடுத்தா எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்களே.” அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “தரையில சதுரம் போட்டது நான்தான் ஆன்ட்டி. எல்லாரும் ‘அந்தப் பக்கம் பாத்தியா’, ‘இதைக் கொஞ்சம் தூக்கு’ன்னாங்க. அந்தப் பெரியக்கா என்னை ‘ஏய் கெட்டிக்காரி’ன்னு கூப்பிட்டாங்க. வந்ததுலேருந்து யாரைப் பாத்தாலும் எப்படி இருக்கே, பாவம் தனியா இருக்கியேன்னுதான். நீங்களும் அப்படித்தான் ஆன்ட்டி. ஒவ்வொரு தடவையும் பழத்தோட ஒரு ‘ஐயோ பாவ’த்தையும் எடுத்துட்டு வருவீங்க. நான் என்ன பண்றது? அதுக்குப் பயந்துதான் கதவையே திறக்கல. இன்னிக்கு மாமா வந்து உக்காந்தப்புறம் யாரும் என்னைப் பாக்கல. ஸ்பூனைத்தான் பாத்தாங்க.”

பன்னிரண்டு வருடமாகச் செயலாளர். எத்தனை வீட்டு வாசலில் நின்று எத்தனை உருகு உருகியிருப்பார்! அத்தனையும் ஒரு கணத்தில் கண்முன் வந்துபோயிற்று. சுருக்கென்றுதான் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. கூடவே, ஏனோ தெரியவில்லை, சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

வெளியே ஐந்து மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையைத் தாண்டிப் போயிற்று. இரண்டு பேருமே அசையவில்லை.

“அந்த டிக்கெட்?” என்றார் அம்மாள்.

“போனா போகுது.”

அம்மாள் கைப்பையின் ஜிப்பைத் தன் கையாலேயே இழுத்து மூடினார்.

“ஆறரை வரைக்கும் வெச்சிரு. அப்புறம் அந்த வாசல் பூந்தொட்டில போட்டுட்டுத் தள்ளி நில்லு. மாமாவே கண்டுபிடிக்கட்டும், அவருக்கும் சந்தோஷமா இருக்கும்.”

ஹாலுக்கு வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். “என்ன மாமா, இதுதான் தேடற லட்சணமா? மேடைக்கு அடியில யாராவது பாத்தீங்களா? பீரோவுக்குப் பின்னாடி? எல்லாத்தையும் முதல்லேருந்து ஆரம்பிங்க. நான் இன்னொரு சுற்று டீ போடறேன்.”

டூல்ஸ் மாமா எழுந்து நின்றார். இத்தனை வருடத்தில் இந்த அம்மாளுக்கு முதல் முறையாகப் பொறுப்பு வந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“ஆன்ட்டி! இந்த மேசையை நகர்த்தணும், வாங்க” என்று பதினேழாம் வீட்டுப் பெண் அந்தக் கோடியிலிருந்து கத்தினாள்.

அம்மாள் போனார். ஆதரவாக ஏதோ கேட்க வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, மேசையின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்.