சூயுன்பெக்கின் கார் குடிக்கும் பெட்ரோல்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் கிடைத்தது. மலையூரான நாரினில் எங்கள் வீட்டுச் சுவர் மெலிது. எழுத ஒன்றுமில்லாமல், எழுதுவதுபோல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வீட்டில் டாக்சி ஓட்டும் சூயுன்பெக்கை அவர் மனைவி அனார்குல் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கொச்கோர் போய்த் திரும்புற வண்டி, பிஷ்கெக் போய் வந்த மாதிரி பெட்ரோல் குடிக்குமா? வழியில யார் வீட்டுக்குப் போறீங்க?"

"வண்டிக்கு வயசாயிடுச்சு, அனார்!"

"உங்களுக்கும்தான் ஆயிடுச்சு. அதான் கேக்குறேன்."

2

முதல் தொடக்கம்: ‘டோலோன் கணவாயில் பனி பெய்தது, சூயுன்பெக்கின் மனத்திலும்’. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ‘திருமணமும் எஞ்சினைப் போலத்தான், முதலில்’

(வெட்கமாக இருக்கிறது. ஆனால் செய்தி உண்மை. புது எஞ்சின் ஓடிப் பதமானால் சற்றுக் குறைவாகவே குடிக்கும். வயதானபின் காற்று வடிகட்டியில் தூசி அடைக்கும், பிரேக் சக்கரத்தை விடாது, பிஸ்டன் வளையம் தேயும். எழுதும் எனக்கே கொட்டாவி வருகிறது. சூயுன்பெக் இதையெல்லாம் விளக்கியபோது அந்தப் பக்கம் ஒரு தட்டு ‘ணங்’ என்றது.)

3

மறுநாள் அனார்குல் டாக்சியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பின்னால் மூன்று பயணிகள். செய்யாத தப்புக்கே சூயுன்பெக்குக்கு வியர்த்தது. தெரிந்தவள் யாராவது வழியில் கையாட்டிவிட்டால்?

கொச்கோர் வழியில் டோலோன் கணவாய் ஏற்றத்தில், பிரேக்கைத் தொடாமலே கருகல் வாடை வந்தது. நிறுத்தினார். முன்சக்கரத்தில் புகை.

"நடிப்பு," என்று அனார்குல் சக்கரத்தைத் தொட்டாள்.

"ஐயோ, தொடாதே!"

உள்ளங்கை சுட்டுவிட்டது. அவர் பனியை அள்ளி அவள் கையில் வைத்துப் பொத்திக்கொண்டார்.

"பாத்தியா? பிரேக் விடாம பிடிச்சுக்கிட்டிருக்கு."

"நீங்களும்தான். விடுங்க, பின்னால உள்ளவங்க பாக்குறாங்க."

(நான் அங்கே இல்லை. அனார்குல் சொன்னதுதான். புகையை மட்டும் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன்.)

4

மெக்கானிக் தலாந்த் பிரேக்கைச் சரிசெய்தான், வடிகட்டியை மாற்றினான். பெட்ரோல் செலவு குறைந்தது, ஆனால் பழைய அளவுக்கு வரவில்லை.

"மிச்சம் எங்க போகுதுன்னு பாக்க வேணாமா?" என்று அனார்குல் தினமும் கிளம்பினாள், பிளாஸ்கில் தேநீரும் பையில் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியுமாக. அந்த இருக்கைக்கு இனிப் பயணி இல்லை. வழியெல்லாம் ஊர்க்கதை. சூயுன்பெக் சிரித்துச் சிரித்துத் திருப்பங்களில் திணறினார்.

இரண்டு வாரம் கழித்துத் தலாந்த் எஞ்சினைச் சோதித்தான். "அண்ணே, பிஸ்டன் வளையம் தேஞ்சிருக்கு. மாத்திட்டா அந்த மிச்சமும் நின்னுடும். அண்ணியும் சந்தேகம் தீந்து வீட்ல இருப்பாங்க."

சூயுன்பெக் நிமிர்ந்தார். காருக்குள் அனார்குல் இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இப்ப வேணாம்ப்பா," என்றார்.

5

ஏன் வேண்டாம்?

ஒரு முடிவு: செலவுக்குப் பயம். இது போதும் என்றால் இத்தனை காகிதத்தை நான் கெடுத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று: கொச்கோரில் உண்மையாகவே ஒருத்தி (வேண்டாம். அனார்குல் படிப்பாள்.)

மூன்றாவதை ‘அவர் ஏறி உட்கார்ந்து, அவள் நீட்டிய கோப்பையை வாங்கி’ என்பதுவரை எழுதினேன். அதற்கு மேல் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உங்களுக்குக் கூச்சமில்லையென்றால் முடித்துக்கொள்ளுங்கள். சீக்கிரம், பின்னால் பயணிகள் காத்திருக்கிறார்கள்.