ஐம்பத்துநாலு டிகிரி

ஆகஸ்ட் மாதம் டெத் வேலிப் பாலைவனத்தின் பிற்பகல் வெயிலில் வெளியே நிற்பவர்களில் பாதிப்பேர் ஜெர்மன்காரர்கள்தான். அமெரிக்கர்கள் வண்டியை விட்டே இறங்குவதில்லை. காசெல் நகரத்து ஃபோல்கரும் அவன் மனைவி ரோஸ்விட்டாவும் இறங்கி வெகுநேரம் ஆகிவிட்டது. பார்வையாளர் கட்டிட வாசலில் இருந்த பெரிய வெப்பமானிப் பலகை ஐம்பத்துமூன்று டிகிரி காட்டியது. ஐம்பத்துநாலு ஆகாமல் நகர மாட்டேன் என்று ஃபோல்கர் நின்றான்.

போன வருடம் ரோஸ்விட்டாவின் தம்பி டீட்மார் இதே பலகைக்குப் பக்கத்தில் ஐம்பத்துமூன்றில் பல்லைக் காட்டி நின்று படம் எடுத்து, அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிவிட்டான். கிறிஸ்துமஸ் விருந்து முழுக்க அதே பேச்சு. ஃபோல்கருக்கு வாத்துக்கறிகூடத் தொண்டையில் இறங்கவில்லை. அறுபத்தேழு வயதில் இது தேவையா என்றால், தேவைதான். மச்சான் என்ற உறவு எந்த நாட்டிலும் மனுஷனைச் சும்மா விடாது.

"உள்ள போய் உக்காரலாம் வா. ஏறினா யாராவது கத்துவாங்க, அப்ப ஓடி வரலாம்" என்றாள் ரோஸ்விட்டா.

"ஓடி வர்றதுக்குள்ள எறங்கிடுச்சுன்னா? நீ போ."

பக்கத்தில் நின்ற ஸ்டுட்கார்ட் மொட்டைத்தலைக்காரர் சிரித்தார். "விடுங்கம்மா. அவரு என்ன ஐஸ்கிரீமா, உருகிப் போறதுக்கு?"

அவள் கழிப்பறைக்குப் போனாள். சுவரில் எதையாவது எழுதி ஒட்டியிருந்தால் கடைசி வரி வரை படிக்காமல் நகர மாட்டாள். அங்கே, வெயிலில் வேர்வை நின்று, பேச்சு தடுமாறினால் உயிருக்கே ஆபத்து, உடனே குளிர்ச்சியான இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று எழுதியிருந்தது.

திரும்பி வந்து பார்த்தால், சற்றுமுன் தொப்பலாக நனைந்திருந்தவனின் நெற்றி செங்கல்போலச் சிவந்து காய்ந்திருந்தது.

"ஃபோல்கர், உனக்கு வேர்க்கவே இல்ல."

"பழகிடுச்சு. டீட்மார் எங்க? கூப்பிடு அவன, வந்து பாக்கட்டும்."

டீட்மார் காசெலில் இருந்தான். ரோஸ்விட்டா கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றதும் அவன் இன்னும் விறைத்து நின்றான். கெஞ்சி வழிக்குக் கொண்டுவர நேரமில்லை. "ஐயோ" என்று சொல்லி, முழங்காலை மடக்கி, அப்படியே தரையில் சரிந்தாள். சிமெண்டுத் தரை உள்ளங்கையைப் பொசுக்கியது.

"ரோசி!"

பலகையை மறந்து அவன் குனிந்தான். அவனும் மொட்டைத்தலைக்காரரும் அவளைத் தாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. ஈரத் துண்டோடு ஓடிவந்த பூங்கா ஊழியப் பெண் அவளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், துண்டை அவன் கழுத்தில் சுற்றினாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. அவளப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் குப்பைக்கூடையில் வாந்தி எடுத்தான். உடம்பு நடுங்கியது. ஆம்புலன்ஸா, கூடவே கூடாது என்றான். ஐஸ் வைத்தார்கள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்கள். நெற்றியில் மெல்ல வேர்வை துளிர்த்தபோது ரோஸ்விட்டாவுக்கு அழுகை வந்தது.

அப்போது வெளியே ஒரே ஆரவாரம். ஐம்பத்துநாலு. ஃபோல்கர் பாதி எழுந்தான்.

"எனக்கு ரொம்ப மயக்கமா வருது" என்றாள், பிடியை இறுக்கி. அவன் உட்கார்ந்துவிட்டான்.

பொழுது சாய்ந்ததும் கிளம்பினார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் மொட்டைத்தலைக்காரர் ஐம்பத்துநாலோடு எடுத்த தன் படத்தைக் காட்டினார். "அடடா, அம்மா கெடுத்துட்டாங்களே!"

"என்ன செய்யிறது. அவளுக்கு வெயில் ஆகாது" என்றான் ஃபோல்கர்.

ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது அவளுக்கு. வண்டியைப் பார்த்து நடந்தாள்.

நாற்பது வருடம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவன் அவன். மனைவியைக் கடைத்தெரு வரைகூட ஓட்டவிட்டதில்லை. வண்டிக் கதவருகே நின்று சாவியைக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு அதை அவள் கையில் வைத்துவிட்டு, மறுபக்கம் சுற்றிப் போய் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.

"லாஸ் வேகாஸ் வரைக்கும்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "பாத்து ஓட்டு. உனக்கு உடம்பு சரியில்ல."