முப்பத்தேழாவது சோதனை

வலது காலில் ஷூ ஏறிவிட்டது. இடது கால் வீங்கியிருந்தது. அகஸ்டினா தரையில் உட்கார்ந்து, அப்பாவின் குதிகாலைத் தன் முழங்காலில் வைத்து ஷூவை அழுத்தினாள்.

"மெதுவாடி, வலிக்கப் போவுது" என்றாள் அம்மா சூசைமேரி. சொன்ன பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அகஸ்டினாவுக்கு அழுகை வரவில்லை. நேற்று மதியம் பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு லேபில் எதையோ செய்து காட்டிக்கொண்டிருந்தபோது அப்பா, ஊருக்கு அமலநாதன் சார், மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அதிலிருந்து லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸுக்கு வந்தவர்கள் எல்லாரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையேதான் சொன்னார்கள்.

"எங்க பையனுக்கு சயின்ஸ்ல ஆசை வந்ததே சாராலதாம்மா."

எங்க பையனுக்கு. ஒவ்வொரு முறையும் அகஸ்டினாவின் பல் கடிபட்டது.

பெண்கள் பள்ளியில் சயின்ஸில் அவள்தான் முதல் மார்க். பி.எஸ்ஸி. சேருகிறேன் என்றபோது அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூஞ்சில ஆசிட் பட்டா எவன் கட்டிக்குவான்? டைப்பு கத்துக்க." அதே வாரம் ஜானகிராமன் என்ற மாணவனின் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு, வெயிலில் சைக்கிள் மிதித்து, காலேஜ் முதல்வரைப் பார்க்கப் போனார். ஜானகிராமன் இப்போது காலேஜில் லெக்சரர். வாசல் பந்தலுக்குக் கீழே, கண் சிவந்து நின்றுகொண்டிருந்தான். அகஸ்டினா அரசு ஆபீசில் ஆறு வருஷமாக டைப்பிஸ்ட்.

அப்பா எழுதிய சோதனைப் புத்தகத்தை, பிரதி எடுப்பதற்காக ஸ்டென்சில் தாளில் டைப் அடித்துக் கொடுத்ததும் அவள்தான். தட்டு, டம்ளர், மஞ்சள், எலுமிச்சை என்று வீட்டில் இருப்பதை வைத்தே செய்யக்கூடிய அறுபது சோதனைகள். ஊரில் பல பள்ளிகளின் பையன்கள் அதைப் பையில் வைத்திருந்தார்கள்.

முப்பத்தேழாவது சோதனையில்தான் தகராறு வந்தது. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். சுடர் அணையும். தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வருகிறது என்று எழுதியிருந்தார். அடித்துக்கொண்டிருந்தவள் எழுந்துபோய் அடுக்களையில் செய்து பார்த்தாள். பிறகு மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பார்த்தாள். ஆறு தடவை பார்த்த பிறகுதான் அவரிடம் போனாள்.

"அப்பா, மூணு வச்சா தண்ணி இன்னும் ஒசர ஏறுது. டம்ளரும் அதேதான், காத்தும் அதேதான். சுடர் அணைஞ்சப்பறந்தான் வேகமா ஏறுது. சூட்டுல கொஞ்சம் காத்து வெளிய போயிடுது, மிச்சம் ஆறனதும் சுருங்குது. அதாம்பா. ஆக்சிஜன் இல்ல."

"உன்ன டைப்படிக்கச் சொன்னனா, திருத்தச் சொன்னனா?"

எழுந்து வந்து டைப் மெஷினிலிருந்து ஸ்டென்சிலை உருவிக் கசக்கி எறிந்தார்.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தபோது அவள் கழுவி வைத்திருந்த அடுக்களைத் தட்டில் புதிதாக மூன்று மெழுகுப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அவளுடைய மேசைமேல் அவர் எழுதிய புதுத்தாள் ஒன்று இருந்தது. விளக்கம் அவள் சொன்னது சொன்னபடியே. அடியில் ஒரு வரி: 'இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டியவன் என் மாணவன் ஒருவன்.'

அந்த வரியையும் அவள்தான் அடித்தாள். ஒவ்வொரு எழுத்தாக.

நாலு மணிக்குப் பங்குச் சாமியார் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் தலைமையாசிரியர் கோவிந்தராசு நாலு வார்த்தை பேச ஆசைப்பட்டார். பந்தலில் இருந்த சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று சோதனைப் புத்தகத்தைப் பிரித்தார்.

"ஒரு வாத்தியாருக்கு இதைவிடப் பெருமை உண்டா? தன் தப்பைத் தன் மாணவன் கண்டுபிடிச்சான்னு அச்சுல போட்டாரே! கேளுங்க." முப்பத்தேழாவது சோதனையின் கடைசி வரியைப் படித்தார். கூட்டத்தில் விசும்பல் எழுந்தது.

"அந்தப் பையன் யாருன்னு தெரியலியே" என்றார் ஒருவர்.

"நம்ம ஜானகிராமனாத்தான் இருக்கும்."

எல்லாரும் திரும்பினார்கள். ஜானகிராமன் தலை குனிந்துகொண்டான்.

"அது நான்" என்றாள் அகஸ்டினா.

அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "நாந்தான் சொன்னேன். இந்த வீட்டு அடுக்களைல செஞ்சு பாத்துட்டு சொன்னேன். திட்டனாரு. அப்பறம் பையன்னு எழுதிட்டாரு."

கோவிந்தராசு பரிதாபமாகப் பார்த்தார். "துக்கத்துல இருக்குது பொண்ணு. யாராச்சும் தண்ணி குடுங்கம்மா."

"தண்ணி வேணாம் சார்."

சூசைமேரி மகளின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இருடி. செத்த மனுசன்."

"பொய்யின்னு சொல்லும்மா. நான் சொல்றது பொய்யின்னு சொல்லு."

சூசைமேரி பெட்டியைப் பார்த்தாள். யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். "பொய்யில்ல. எங்கிட்ட சொன்னாரு. 'பொண்ணுன்னு போட்டா ஸ்கூல்ல சிரிப்பானுங்க மேரி'ன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னாத்த சொல்றது. சோறு போட்டேன்."

ஜானகிராமன் மெல்ல ஒதுங்கி வேலியோரம் போனான்.

அகஸ்டினா எழுந்தாள். கோவிந்தராசுவின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கவில்லை. அவர் பிடித்திருக்க, அப்படியே குனிந்து, 'சுட்டிக்காட்டியவன் என் மாணவன் ஒருவன்' என்பதை அடித்தாள். தாள் கிழிகிற அளவுக்கு அடித்தாள். மேலே, அப்பாவின் கையெழுத்தைப் போலவே வலப்பக்கம் சாய்ந்த தன் கையெழுத்தில் எழுதினாள்: 'சுட்டிக்காட்டியவள் என் மகள்.'

பேனாவை மூடி அவர் பையிலேயே செருகினாள்.

சாமியார் வந்துவிட்டார். ஜெபம் முடிந்ததும் ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். சூசைமேரியின் அலறல் தெருமுனை வரை போனது. அகஸ்டினா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தாள்.

கோவிந்தராசு பக்கவாட்டில் வந்தார். தாள் கிழிய அடித்த இடத்தில் தேங்கிய மை இன்னும் காயவில்லை. புத்தகத்தை மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். என்ன செய்வதென்று தெரியாமல், விரித்தது விரித்தபடி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, மாதா கோயில்வரை நடந்தார்.