மயில்மாணிக்கத்துக்கு ஒரு கொழுகொம்பு

மேனாம்பேட்டில் எங்கள் ஜன்னலுக்கும் எதிர் அடுக்குமாடி ஜன்னலுக்கும் நடுவே ஒரு பூனை தாண்டும் தூரம்தான். பூனை தாண்டியும் இருக்கிறது. எங்கள் வீட்டு மீன் குழம்பு சரியில்லை என்று திரும்பிப் போயிருக்கிறது. எதிர் வீட்டு விஷாலுக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பகலெல்லாம் வீடியோவில் மீட்டிங் பேசுவான். அவன் தோளுக்குப் பின்னால் எங்கள் வீடு தெரியும்.

என் மனைவி ஹேமாவதிக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், நான் கீரை ஆய்றத அவன் ஆபீசே பாக்குதுய்யா. வெயிலு காலம் வர்றதுக்குள்ள ஜன்னல மூட வழி பண்ணு. இல்லன்னா பூந்தமல்லிக்கு என் தங்கச்சி ஊட்டுக்குப் போய்டுவேன். நீயே பொங்கித் துன்னு."

நான் பொங்கித் தின்று பார்த்தவன். என் ரசத்தில் விட்ட கரண்டி மெலிந்து வெளியே வந்தது. திரை போட்டால் காற்று வராது. ஏசி வாங்க வசதியில்லை. ஆகவே மயில்மாணிக்கக் கொடி விடுவது என்று முடிவு செய்தேன். ஒரு பருவம் படரும், பூக்கும், காய்ந்துபோகும். அதற்குமேல் நீடிக்கும் எதையும் ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை.

ஜன்னல் வெளியே விதைத்தால் புறா தோண்டித் தின்றுவிடும் என்று வீட்டுக்குள்ளேயே முளைக்கவைத்தேன். விதைத்தோல் கெட்டி. பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகத் தேய்ந்தவன் நான். தேய்ப்பது எனக்குப் புதிதல்ல. ஒவ்வொரு விதையையும் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ராத்திரி முழுக்க வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அடியில் ஓட்டை போட்ட காகித டீ கப்பில் மண் நிரப்பி விதைத்தேன். தேய்க்கும்போது ஒருமுறை கொட்டாவி விட்டேன். கையிலிருந்த விதையும் விட்டது. பாவம் என்று அதை மட்டும் தனிக் கப்பில் தூங்கவிட்டேன்.

முளைத்ததும் கப்புகளை வெளிச்சத்துக்கு நகர்த்தி, ஜன்னல் கம்பியில் சணல் கட்டி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மின்விசிறிக் காற்றில் சணல் ஆடியது. நான் ஆடவில்லை. பற்றிக்கொள்ள எது தோது என்று கொடிக்குத் தெரியாதா? தூங்கி விழித்தபோது ஒரு தளிர் என் கைக்கடிகாரத்தைச் சுற்றி முழங்கைக்கு வந்திருந்தது. இன்னொன்று காதைச் சுற்றிக்கொண்டு மூக்குக்கண்ணாடியை விசாரித்துக்கொண்டிருந்தது.

"ஹேமா, இத்த கொஞ்சம் அவுத்து வுடு."

"அசையாத! அறுந்துடப்போவுது. சும்மா குந்திகினுதானே கீற? இன்னும் கொஞ்சம் குந்து."

குந்தினேன். காபி ஸ்ட்ராவில் வந்தது. குளியலைப் பற்றிக் கேட்காதீர்கள். கொடி என் தலையைத் தாண்டிக் கம்பிக்குப் போய் ஜன்னலில் பாதியை அடைத்தது. மீதிப் பாதியை நான் அடைத்திருந்தேன்.

எதிரிலிருந்து விஷால் குரல் கொடுத்தான். "அங்கிள், மீட்டிங்ல பின்னாடி என்ன சிலைன்னு கேக்காங்க. கோயில்னு சொல்லிட்டேன். தயவுசெஞ்சு அசைஞ்சிராதீங்க."

நான் அசையவில்லை. தும்மினேன். மீட்டிங்கில் யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். அன்றே விஷால் தன் ஜன்னலுக்குத் தடித்த திரை மாட்டிவிட்டான். அவன் வீட்டில் ஏசி உண்டு. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

"வேலை முடிஞ்சிது. இப்பவாவது அவுத்து வுடுடி."

"மொக்கு வுட்டுக்கீது. பூ பாக்காம அவுக்கமாட்டேன்."

பூத்தது. அத்தனை பூவும் வெளிச்சத்தைப் பார்த்து, அதாவது விஷால் வீட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. எங்களுக்குக் காம்புதான். ஹேமாவதி என் தோள்மேல் எட்டிக் கத்தினாள்.

"தம்பி விஷாலு! திரைய தொற! இன்னா கலர்னு பாத்து சொல்லு!"

திரை விலகியது. "சிவப்பு, ஆன்ட்டி! ஜன்னல் பூரா சிவப்பு!"

அதன்பின் தினமும் காலையில் அந்தத் திரை திறக்கிறது. தலைகூட வாராமல், காபி டம்ளரோடு, அவனிடம் பூக்கணக்குக் கேட்கிறாள். அவன் ஆபீசே அவள் கீரையை விசாரிக்கிறதாம். பூந்தமல்லிக்குப் போன் போட்டு, "இந்த வருசம் வரல, ஊட்ல வேல கீது" என்று சொல்லிவிட்டாள். அந்த வேலை நான்தான்.

கொடி காய்ந்து விதை விழுந்ததும் எழுந்துகொள்ளலாம் என்கிறாள். விதையைப் போட்டுவைக்க இப்போதே ஒரு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவைத்திருக்கிறாள்.