ஜூனோவைப் பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்

நோயல் ஹெப்பிளின் வீட்டில் நாயின் பெயரை யாரும் சொல்வதில்லை. மகாராணி என்பார்கள், கழுதை என்பார்கள். மனைவி நெட்டாவுக்குக் கோபம் வந்தால் "உன் பொண்ணு" என்பாள். ஜூனோ என்று மட்டும் வாய் தவறியும் வரக் கூடாது.

இதில் மூடநம்பிக்கை ஒன்றும் இல்லை. சுட்டு விழுந்த பறவையைத் தேடி எடுத்து வரும் லாப்ரடார் நாய்களை நார்தம்பர்லாந்துப் பக்கம் பழக்குகிற விதம் அப்படி. வேட்டைக்குப் போனால் வரிசையாகப் பல நாய்கள் உட்கார்ந்திருக்கும். பொதுவாகப் 'போ' என்றால் அத்தனையும் கிளம்பிவிடும். அதனால் எந்த நாய் போக வேண்டுமோ அதன் பெயரை மட்டும் சொல்வார்கள். பெயர்தான் உத்தரவு. சொன்ன கணம் நாய் வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி பாயும்.

"கண்ட நேரத்துல பேரைச் சொன்னா உத்தரவு மழுங்கிப் போகும், மாப்ளே" என்று எச்சரித்திருந்தார் நெட்டாவின் அண்ணன் ராட்னி. நோயல் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நெட்டா மறந்துபோய், "இந்தக் கோழிக்காலை ஜூனோவுக்கு எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டாள். கால் மட்டுமல்ல, கோழியே முழுசாக மேசையை விட்டுக் கிளம்பியது. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு பல் தடம்கூடப் பதியாமல் நோயலின் கைக்கு வந்து சேர்ந்தது. கழுவிவிட்டுச் சாப்பிட்டார்கள்.

அதே மேசையில்தான் அந்த ஒப்பந்தமும் நடந்தது. ராட்னி மலைச்சரிவில் கொட்டகை போட்டு வேலைக்கார நாய்களை வளர்ப்பவர். ஜூனோவைக் குட்டியிலேயே சும்மா தூக்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"இது வேலைக்காரப் பரம்பரை. சோபாவுல படுத்து டி.வி. பாக்கவா நான் குட்டி குடுத்தேன்?" என்றார் ராட்னி. "இந்தக் கோடைக்குள்ள ஒரு போட்டியாவது முடிக்கட்டும். பரிசெல்லாம் கேக்கல. யாரும் வெளியேத்தாம கடைசி வரைக்கும் நின்னாப் போதும். இல்லைன்னா என் கொட்டகைக்கே திரும்பி வந்துடணும்."

அன்று குடித்திருந்த ஒயினின் தைரியத்தில் நோயல் கையை நீட்டி, "சரி மச்சான்" என்று குலுக்கிவிட்டார். கையை நீட்டுவதற்குமுன் யோசிக்கும் பழக்கம் அவருக்கு எப்போதுமே இருந்ததில்லை.

போட்டி என்பது கத்துக்குட்டி நாய்களுக்கான சோதனை. உயிர்ப்பறவை கிடையாது. துணியில் அடைத்த பச்சை டம்மிகளை வீசுவார்கள், நாய் எடுத்து வர வேண்டும். பார்த்தால் குழந்தை விளையாட்டு. நோயலுக்கு அந்தக் கோடை முழுக்க அது நரகமாக இருந்தது. முதல் போட்டியில் ஜூனோ டம்மியைத் தாண்டிப் போய் நடுவரின் மதியச் சாப்பாட்டுப் பையை எடுத்து வந்தது. இரண்டாவதில் குளத்தை நீந்திக் கடந்து, அக்கரையில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரின் செருப்போடு திரும்பியது. மூன்றாவதில் துப்பாக்கிச் சத்தத்துக்கு நோயல் திடுக்கிட்டுத் துள்ளியதைப் பார்த்து, அதுவும் துள்ளிக் கிளம்பிவிட்டது.

இந்த விளையாட்டில் யாரையும் 'வெளியே போ' என்று சொல்வதில்லை. நடுவர் மரியாதையாகச் சிரித்து, "மிக்க நன்றி" என்பார். அவ்வளவுதான், நாய்க்குக் கயிறு மாட்டிக்கொண்டு காருக்கு நடக்க வேண்டும். மூன்று மிக்க நன்றிகள் வாங்கியபின் நோயலால் கடையில் பால் வாங்கும்போதுகூட அந்த வார்த்தையைப் பதறாமல் கேட்க முடியவில்லை.

இத்தனைக்கும் மனிதர் ஓய்வுபெற்ற டிரைவிங் ஆசிரியர். வட்டாரத்தில் பாதிப் பேருக்குப் பிரேக் போடக் கற்றுக் கொடுத்தவர். நாய் நெளிந்தால் இப்போதும் அவருடைய வலது கால் தானாக இல்லாத பிரேக்கைப் போட்டு மிதிக்கும். நாய்க்கு அது தெரியாது என்பதுதான் சிக்கல்.

கோடையின் கடைசிப் போட்டி பிர்க்ஷா எஸ்டேட்டில் நடந்தது. ஆகஸ்ட் மாதத் தூறல், காதுக்குள் புகும் பொடிப்பூச்சிகள். ராட்னி வேனில் வந்திருந்தார். பின்பக்கம் ஒரு கூண்டு காலியாக இருந்தது. உள்ளே புது வைக்கோல் வேறு பரப்பியிருந்தது.

"வைக்கோலெல்லாம் போட்டுட்டியா மச்சான்?" என்றார் நோயல்.

"ஒரு முன்னேற்பாடுதான்."

"பொண்ணு பாக்க வந்த வீட்டுல தொட்டில் கட்டின மாதிரி இருக்கு, அண்ணே" என்றாள் நெட்டா. நாயை அடுப்படியில் சேர்த்த நாளிலிருந்து அதைத் திட்டாத நாளில்லை அவளுக்கு. இன்று அவள் கை நாயின் காதை விடவேயில்லை.

நோயல் விசிலை வாயில் வைத்துக்கொண்டு வரிசைக்குப் போனார். நடுவர் மிஸஸ் ஃபென்விக், வெள்ளைத் தலை, நிமிர்ந்த முதுகு. "காலை வணக்கம், மிஸ்டர் ஹெப்பிள்" என்றார். நோயல் பதில் வணக்கம் சொன்னார். விசில் வாயிலேயே இருந்ததால் அது நீண்ட ஒரு 'பீ...' என்று வெளியே வந்தது. நீண்ட விசில் என்றால் உட்கார் என்று பொருள். ஜூனோ உட்கார்ந்தது. சுற்றியிருந்த நாய்கள் அத்தனையும் உட்கார்ந்தன. மிஸஸ் ஃபென்விக்கின் சொந்த நாய் அவருடைய கார் சீட்டில் உட்கார்ந்தது.

"நல்ல ஆரம்பம்" என்றார் மிஸஸ் ஃபென்விக், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

ஆனால் ஜூனோவுக்கு அன்று என்ன பிடித்துக்கொண்டதோ தெரியவில்லை. கல்சுவருக்கு அப்பால் பெரணிப் புதருக்குள் விழுந்த டம்மியை, பெயர் சொன்ன பிறகு போய், நேராக எடுத்து வந்தது. அடுத்த சுற்றில், வெகுநேரம் முன்பே வீசிக் காட்டியிருந்த டம்மி விழுந்த இடத்தை ஞாபகம் வைத்துப் போனது. நோயலுக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது. 'இத்தனை நாள் இதெல்லாம் எங்க வச்சிருந்த, கழுதை?' என்று மனதுக்குள் கேட்டார். கழுதை நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, உனக்குத்தான் தெரியவில்லை என்பது போலப் பார்த்தது.

மூன்றாவது சுற்று தண்ணீரில். கரையேறும் நாய் உடம்பை உதறும். உதறும்போது டம்மியைக் கீழே போட்டால் மார்க் போகும். அதற்குமுன் வாங்கிவிடலாம் என்று நோயல் இரண்டடி முன்னே வைத்தார். சேறு வழுக்கி, குளத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பூட்ஸுக்குள் குளுகுளுவென்று இறங்கியது. ஜூனோ நீந்தி வந்து அவர் நெஞ்சருகே நின்று, டம்மியைக் கையில் பதவிசாகக் கொடுத்தது. பிறகு அவர் முகத்தில் உதறியது.

மிஸஸ் ஃபென்விக் எதையோ எழுதினார். "உங்களுக்கு எவ்வளவு மார்க்குன்னு கேட்டுடாதீங்க. நாய்க்கு நல்ல மார்க்."

கரையில் நின்ற ராட்னி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். நெட்டா கண்ணை மூடியிருந்தாள்.

மிச்சம் கடைசிச் சுற்றுதான். அறுவடையான வயலில் எல்லோரும் கயிறில்லாத நாய்களோடு ஒரே வரிசையாக நடக்க வேண்டும். வெடிச் சத்தம் கேட்டதும் நின்றுவிட வேண்டும். டம்மி விழும், நடுவர் யாரைச் சொல்கிறாரோ அவர் மட்டும் நாயை அனுப்ப வேண்டும், மற்ற நாய்கள் சிலை மாதிரி இருக்க வேண்டும். நோயலுக்குப் பக்கத்தில் ஹெதர் என்ற பெண், கறுப்பு நாயோடு நின்றாள். பயத்தில் உதடு வெளுத்திருந்தது.

"என்னோடது இதுவரைக்கும் ஒண்ணும் சொதப்பல. அதான் பயமா இருக்கு" என்று கிசுகிசுத்தாள்.

"என்னோடதும்தான். அது இன்னும் மோசம்" என்றார் நோயல்.

முதல் வெடி. டம்மி தூரத்தில் விழுந்தது. "மிஸ்டர் ஹெப்பிள்." நோயல் குனிந்து கையை நீட்டி, "ஜூனோ" என்றார். போனது, எடுத்தது, வந்தது, கொடுத்தது. தலையை ஆட்டவில்லை, முனகவில்லை. இனி ஹெதரின் நாய் போய் வரும்வரை ஜூனோ சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். சும்மா உட்கார்ந்திருப்பதில் மகாராணிக்கு நிகர் யாரும் கிடையாது. அவர் விசிலைக் கழற்றிப் பையில் போட்டார். அங்கே சாசேஜ் ரோல் ஒன்று பாதி நனைந்து இருந்தது.

இரண்டாவது வெடி. ஹெதரின் டம்மி பெரணிப் புதரோரம் விழுந்தது. அவளை அனுப்பச் சொல்லும்முன் மிஸஸ் ஃபென்விக் ஒரு கணம் நோயல் பக்கம் திரும்பினார். அவருக்கும் அந்தக் காலை முழுக்க அலுப்புதான் மிச்சம், ஒரு நல்ல நாயைப் பார்த்த சந்தோஷம் இப்போதுதான்.

"அழகா வேலை செய்யுது. யார் வளர்ப்பு இது?"

கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இருந்தது. ஆனால் நாலு மாதம் அவமானப்பட்ட மனிதனிடம் அப்படிக் கேட்கக் கூடாது. நோயலின் நெஞ்சு ஈரச் சட்டைக்குள் விரிந்தது.

"ராட்னி டர்ன்புல் வளர்ப்பு, மேடம். அதோ கயித்துக்குப் பின்னால நிக்கிறாரே, என் மச்சான்தான். வீட்டுல நாங்க மகாராணின்னுதான் கூப்பிடுவோம்..."

பார்வையாளர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்குப் பின்னால் நெட்டா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டினாள். பாராட்டுகிறாள் என்று நினைத்தார் நோயல்.

"...ஆனா நிஜப் பேரு ஜூனோ."

ஜூனோ போனது.

நோயலின் வலது கால் பிரேக்கை மிதித்தது. வயலில் ஒரு குழியே விழுந்தது. கை பைக்குள் விசிலைத் தேடி சாசேஜ் ரோலை எடுத்து வாயில் வைத்தது. ஜூனோ புதரோரம் போய், ஹெதரின் டம்மியைக் கவ்வி, நேர்க்கோட்டில் திரும்பி வந்து, நோயலின் முன்னால் உட்கார்ந்து முகத்தை உயர்த்தியது. அன்றைய நாளிலேயே மிகச் சுத்தமான வேலை அதுதான். டம்மியை வாங்காமல் இருக்க நோயலுக்கு மனம் வரவில்லை.

வயல் முழுக்க அமைதி. ஹெதரின் நாய் மட்டும் நடுவரை முறைத்தது.

"மிஸ்டர் ஹெப்பிள்."

"மேடம்." வாயில் மாவு ஒட்டியிருந்தது.

"மிக்க நன்றி." சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்தினார். "நாய்க்கு இல்ல. உங்களுக்கு."

மூவரும் நாயோடு கார்கள் நின்ற புல்வெளிக்கு நடந்தார்கள். நோயல் வேனின் பின்னால் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, தண்ணீரை ஊற்றினார். ஈரக் காலுறைகளைப் பிழிந்து புல்லில் போட்டார். நெட்டா காரிலிருந்து நாயின் போர்வையை எடுத்து வந்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ராத்திரி கதவு முழுக்கச் சாத்தினா அவ அழுவா" என்றாள், அண்ணனைப் பார்க்காமல். "கொஞ்சம் திறந்து வையி."

"கொட்டகையில கதவைத் திறந்து வச்சா இருபது நாயும் ஊருக்குள்ள போயிடும், நெட்டா."

"அப்ப லைட்டாவது போட்டு வையி."

நோயல் குனிந்து ஜூனோவின் கழுத்திலிருந்து தன் கயிற்றைக் கழற்றினார். கை குலுக்கியாகிவிட்டது, அதில் பேச ஒன்றுமில்லை. பேசியதால்தானே இந்தக் கதி. நாயின் தலையை ஒருமுறை தடவிவிட்டு ஒதுங்கிப் போய் உட்கார்ந்தார். ராட்னி கூண்டின் கதவைத் திறந்தார். நாய் புல்லில் உட்கார்ந்து நோயலையே பார்த்தது.

ராட்னி தொண்டையைச் செருமினார். "ஜூனோ, ஏறு."

ஜூனோ போனது. கூண்டுக்கல்ல. கார்களுக்கிடையே வளைந்து, மூக்கைத் தரையில் வைத்து, வேனின் முன்பக்கம் போய், திறந்திருந்த கதவு வழியே ஏறி, இருக்கையில் கழற்றி வைத்திருந்த ராட்னியின் தொப்பியைக் கவ்வி வந்தது. ராட்னி கையை நீட்டினார். அது அவரைத் தாண்டிப் போய் நோயலின் மடியில் வைத்தது.

"தொப்பியைக் குடு மாப்ளே." வாங்கிப் போட்டுக்கொண்டார். "ஜூனோ! உள்ள!"

இந்த முறை நோயலின் ஈரக் காலுறை வந்தது. பிறகு இன்னொன்று. யாரோ போட்டுவிட்டுப் போன கேக் டப்பாவின் மூடியும் வந்தது. எல்லாம் நோயலுக்கு. எதிலும் பல் தடம் இல்லை.

"இதைக் கூண்டுல ஏத்த என்னதான் சொல்லணும்?" ராட்னிக்கு மூச்சு வாங்கியது.

"தெரியாது மச்சான். நான் எதுலயும் ஏத்தினதே இல்ல. கார்க் கதவைத் திறந்தா அவளே முன் சீட்டுல உக்காந்துக்குவா."

"அப்ப என் தங்கச்சி?"

"பின்னாடிதான்" என்றாள் நெட்டா.

ராட்னி கூண்டையும் பார்த்தார், புது வைக்கோலையும் பார்த்தார், புல்லில் வரிசையாகக் கிடந்த பொருட்களையும் பார்த்தார். கடைசியாக நாயை நெடுநேரம் பார்த்தார்.

"காலையிலேருந்து அவ ஒரு தப்புப் பண்ணல" என்றார். நாயை அவர் 'அவ' என்று சொன்னது அதுதான் முதல்முறை. "பேரைச் சொன்னா போறா, எடுத்தா குடுக்குறா. என் கொட்டகையில இவ்வளவு சுத்தமா ஒண்ணு கிடையாது. கெட்டுப் போனது நீ ஒருத்தன்தான், மாப்ளே. கூண்டுல போட்டு ஓட்டிட்டுப் போகணும்னா உன்னைத்தான் போடணும்."

"போகட்டுமே. வைக்கோல் புதுசுதானே" என்றாள் நெட்டா.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வா. வாயைத் திறக்காம நிக்கக் கத்துத் தர்றேன். அவளையும் கூட்டிட்டு வா, உனக்குத் தைரியமா இருக்கும்." ராட்னி கூண்டுக் கதவைச் சாத்தினார். "அடுத்த கோடை வரைக்கும் பாப்போம்."

நோயலுக்குக் கண் கலங்கிவிட்டது. "மிக்க நன்றி, மச்சான்."

"அந்த வார்த்தையை இன்னொரு தரம் சொன்னே, கொன்னுடுவேன்."

நெட்டா பின் இருக்கையில் போர்வையோடு ஏறினாள். முன் இருக்கையில் மகாராணி ஏற்கெனவே உட்கார்ந்து கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. நோயல் வெறுங்காலோடு வண்டியைக் கிளப்பினார். வாய் காதுவரை விரிந்திருந்தது.

"நெட்டா, பாத்தியா? கடைசியில நம்ம ஜூ..."

பின்னாலிருந்து ஒரு கை பாய்ந்து வந்து, மிச்சமிருந்த சாசேஜ் ரோலை அவர் வாயில் திணித்தது.

"ஓட்டு" என்றாள் நெட்டா.