தியான வகுப்பில் என் ரத்த அழுத்தம்

1

அன்று அங்கே இருந்தவர்கள்: பெத்தணனாகிய நான், என் மனைவி சொர்ணலட்சுமி, சிவகாசியிலிருந்து வந்த தியான ஆசிரியர் காளீஸ்வரன், தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் சங்கிலிமுத்து, அவன் மனைவி பாண்டிச்செல்வி. இடம், ஏழாயிரம்பண்ணையில் எங்கள் குடும்பத்துக் கல்யாண மண்டபம். வேறு யாரும் இல்லை. பார்த்ததாகச் சொல்பவர்கள் பார்க்கவில்லை.

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலில் ‘நியாயமான கோபத்தில்’ என்று எழுதியிருந்தேன். கண்புரையால் நான் எழுதியதை நானே வாசிக்க முடிவதில்லை; சொர்ணலட்சுமிதான் வாசித்துக் காட்டுகிறாள். அந்த இடத்தில் சிரித்தாள். திருத்திவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘அமைதியை நாடி ஒரு பெரியவர்…’ இல்லை. நான் எதையும் நாடவில்லை. ரத்த அழுத்தம் குறைந்தால்தான் கண் ஆபரேஷன் என்று டாக்டர் மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார். அதனால் போனேன்.

காளீஸ்வரன் ஆரம்பத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை அழுத்தம் பார்ப்பார். எனக்கு நூற்று எழுபது. சங்கிலிமுத்துவுக்கு நூற்று ஐம்பது. அவன் அப்பா எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மகன் எனக்குப் பக்கத்து ஜமுக்காளத்தில் படுத்தான்.

“கால் விரல்லருந்து ஒவ்வொண்ணா தளர விடுங்க ஐயா. பல்லைக் கடிக்காதீக,” என்றார் காளீஸ்வரன்.

நான் பல்லைக் கடிக்கவில்லை. (கடித்திருந்தேன்.)

கண்ணைத் திறந்து பார்த்தேன். சங்கிலிமுத்து கரைந்துபோய்க் கிடந்தான். உள்ளங்கை இரண்டும் விரிந்து, முகம்… [மேலே எழுத மனம் வரவில்லை.] என் மனைவி தன் மூச்சைக் கவனிக்காமல் பாண்டிச்செல்வியிடம் கிசுகிசுத்தாள்:

“எம்புட்டு நிம்மதியாத் தூங்குறாக, பாத்தியா!”

“தூங்கலம்மா, முழிப்புத்தான். தண்ணி எடுத்துட்டு வாங்கன்னாலும் வீட்டுல இப்படித்தான் கெடப்பாக.”

நாற்பத்தாறு வருடங்களில் என் முகத்தைப் பார்த்து சொர்ணலட்சுமி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

முடிவில் அவனுக்கு நூற்று இருபத்துநான்கு. எனக்கு நூற்று எண்பத்தெட்டு.

“ஐயா, உங்களுக்கு மட்டும் ஏறுது,” என்றார் காளீஸ்வரன், எல்லாருக்கும் கேட்கும்படி.

3

கதைக்காகச் சங்கிலிமுத்துவைச் சோம்பேறியாக்கிப் பார்த்தேன். சொர்ணலட்சுமி வாசிப்பதை நிறுத்தினாள்.

“முப்பது வருசமா பட்டாசுக்குள்ள வெடிமருந்து செலுத்துற ஆளைச் சோம்பேறிங்கிறீக. இதை நான் வாசிக்க மாட்டேன்.”

ஆகவே, எங்கே கற்றாய் என்று காளீஸ்வரன் கேட்டதற்கு அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“கத்துக்கல சார். மருந்து செலுத்துற ரூம்ல பதறுனா கை உரசும். உரசுனா நாம இல்ல. வீட்டுச் சண்டை, கோவம் எல்லாத்தையும் செருப்போட வெளிய விட்டுட்டுத்தான் உள்ள போவோம்.”

(அடிக்குறிப்பு: இந்தக் கதையில் நல்ல வசனம் இது ஒன்றுதான். அதுவும் என்னுடையதல்ல.)

4

முடிவுகள். ஒன்று: மறுவாரம் அவன் அழுத்தம் எகிறுகிறது. சந்தோஷமாக எழுதினேன், கிழித்தும் விட்டேன். இரண்டு: இருவரும் கைகோத்து… சீ. மூன்று: எனக்கு ஆபரேஷன் நடந்து, எழுதியதை நானே வாசிக்கிறேன். [டாக்டர் இன்னும் நாள் குறிக்கவில்லை.] உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். என்னால் எதையும் எழுத முடியாது.

ஆனால் ஊரில் உலவும் ஒரு பேச்சை மட்டும் திருத்தியாக வேண்டும். மூச்சு விடக் கற்றுக்கொடு என்று பெத்தணன் சங்கிலிமுத்துவின் வீட்டில் போய் உட்கார்ந்தாராம். பொய். நான் அவன் வீட்டுக்குப் போகவில்லை. கம்பெனி வேன் வரும் இடத்தில், நின்றுகொண்டுதான் கேட்டேன்.