வேலையை விடாதவர்கள்

வெளியே மேற்கு மலை இன்னும் கறுப்பாகத்தான் நின்றது. மில்லுக்குள் பாண்டிசெல்வியின் சட்டை அதற்குள் முதுகோடு ஒட்டிவிட்டது. நூல் அறாமலிருக்க, நூற்கும் இயந்திரங்கள் ஓடும் ரிங் பிரேம் பகுதிக்குள் ஈரக் காற்றை விட்டுக்கொண்டே இருப்பார்கள். நூலுக்கு இதமான அந்தக் காற்று மனுஷிகளை இட்லிபோல அவித்தது. இரண்டு நீள இயந்திரங்களுக்கு நடுவில் இருந்த சந்தில் அவள் நடந்துகொண்டே இருந்தாள். இருபுறமும் நூல் சுற்றும் கதிர்கள் வரிசைவரிசையாகச் சுழன்றன. எங்காவது இழை அறுந்து பஞ்சு பறந்தால் ஓடிப்போய், சுழலும் கதிரைக் கையால் நிறுத்தி, நூலின் நுனியைத் தேடி எடுத்து, மேலிருந்து வரும் பஞ்சோடு சேர்த்துவிட வேண்டும். சின்ன வேலைதான். முடித்து நிமிர்வதற்குள் நாலு கதிர் தள்ளி அடுத்தது அறுந்திருக்கும்.

முன்பெல்லாம் ஆளுக்கு நாலு சைடு. அதாவது, இரண்டு இயந்திரத்தின் இரண்டிரண்டு பக்கம். ஒன்றுக்குப் போக, டீ குடிக்க வெளியே போனால் அந்த இடத்தில் நிற்பதற்கென்றே ஒரு ரிலீவர் இருந்தாள். போன தீபாவளிக்குப் பிறகு ரிலீவர் வேலையையே எடுத்துவிட்டார்கள். நாலு சைடு ஆறாகிவிட்டது. ராஜபாளையத்தைச் சுற்றி எத்தனையோ மில்கள் இருக்கின்றன. மற்ற மில்களில் எப்படியோ, இந்த மில்லில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளாகப் பாண்டிசெல்விக்குள் ஏதோ அணைந்துபோயிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மில் வேனில் ஏறி உட்கார்ந்ததுமே அழுகை வரும். ஏன் என்று தெரியாது. சோறு மண் மாதிரி இருக்கும். மகள் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லிச் சிரிக்கும்போது அவள் உதடு அசைவது தெரியும், காதில் எதுவும் ஏறாது. தூங்கி எழுந்தாலும் தூங்காதவள்போலவே இருந்தாள்.

"பேசாம வேலைய விட்டுரு செல்வி," என்றான் அவள் புருஷன் மாரிசெல்வம். லாரி ஓட்டியவன். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி வீட்டில் இருந்தான்.

"விட்டா?"

மில்லில் அவள் வேலை பார்ப்பதால்தான் வீட்டுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை. அந்த அட்டையில்தான் வாரம் இரண்டு முறை மதுரையில் அவனுக்கு ரத்தம் சுத்தம் செய்தார்கள். அவள் வேலையை விட்டால் அட்டை நின்றுபோகும். அட்டை நின்றால் அவன் எத்தனை நாள் இருப்பான் என்று இருவருக்குமே தெரியும்.

அதில் ஒரு முறை, வார விடுமுறையில், அவளே அவனை மதுரைக்குக் கூட்டிப்போவாள். குளிர்ந்த அறை. வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில். இயந்திரம் மெல்ல முனகும். அதுவும் இயந்திரம்தான், ஆனால் யாரையும் ஓடவைக்காத இயந்திரம். கையில் ஊசியைக் குத்தி மாரிசெல்வத்தைப் படுக்கவைப்பார்கள். மத்தியானம்வரை அவன் படுத்தே இருக்க வேண்டும். யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவளுக்குப் புரிந்தது: தான் பரிதாபத்தோடு பார்க்கவில்லை. அந்தக் கட்டிலின்மேல் பொறாமை. சாகக் கிடக்கிற புருஷன்மேல் பொறாமைப்படுகிற பொம்பளை என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது. ஆனாலும் அடுத்த வாரமும் அப்படித்தான் பார்த்தாள்.

பொறாமைக்கு ஒருமுறை வாசலைத் திறந்துவிட்டால் அது யார்மேல் வேண்டுமானாலும் பாயும். பழுதுபார்க்க நிறுத்திப்போட்ட இயந்திரத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். தெற்கு ரத வீதியில் பால்கோவாக் கடை வாசலில் காலை நீட்டிப் படுத்திருந்த கிழட்டு நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக ஹெப்சிபாவைப் பார்த்தால் அவளுக்கு அடிவயிறு எரிந்தது.

ஹெப்சிபா பக்கத்துச் சந்தில் வேலை பார்க்கிறவள். சேத்தூரிலிருந்து தம்பியின் பைக்கில் வருவாள். அவளுக்கும் அதே ஆறு சைடு, அதே ஈரக் காற்று, அதே தூசி. ஆனால் வெயில் ஏறுகிற நேரத்தில் அவள் சிறிது நேரம் காணாமல் போவாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருக்கும். மூக்கிலும் புருவத்திலும் ஒட்டிய பஞ்சு போயிருக்கும். யாரிடமோ என்னவோ சொல்லிச் சிரிப்பாள். இயந்திரச் சத்தத்தில் சிரிப்புக் கேட்காது, பல் மட்டும் தெரியும்.

'இவளுக்கு மட்டும் எப்படி?' என்று பாண்டிசெல்வி இழையை ஒட்டிக்கொண்டே நினைப்பாள். 'எந்தச் சாமி இவளைத் தாங்குது?'

டைம் ஆபீஸ் வாசலில் பலகையில் பாண்டிசெல்வியின் போட்டோ மாட்டியிருந்தது. சிறந்த தொழிலாளி. மூன்று மாதமாக அவள்தான். அதிகம் பேசாமல், வெளியே போகாமல், பயந்துபயந்து ஓடியதற்குக் கிடைத்த பரிசு. அந்தப் போட்டோவில் இருக்கிற முகத்தை அவளே பார்க்கப் பிடிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு போவாள்.

பங்குனி வெயில் ஏறிய ஒரு காலையில் அடக்க முடியாமல் ஒன்றுக்குப் போக ஓடினாள். திரும்பும் வழியில் பேல் குடோனின் பின்கதவு சாத்தாமல் கிடந்தது. பஞ்சுப் பொதிகளுக்குப் பின்னால் யாரோ இருப்பதுபோல் தோன்றியது. எட்டிப் பார்த்தாள். காலிச் சாக்குகளை விரித்து ஹெப்சிபா மல்லாந்து படுத்திருந்தாள். வீங்கிய கால்கள் இரண்டையும் சுவரில் தூக்கிவைத்திருந்தாள். கண் மூடியிருந்தது. உதட்டில் லேசாகச் சிரிப்பு.

அந்தச் சிரிப்புதான் பாண்டிசெல்வியைக் கொன்றது. தூக்கம் கூட இல்லை, சும்மா கிடந்து சிரிக்கிறாள்! பாண்டிசெல்வி நேராக சூப்பர்வைசர் பால்பாண்டியிடம் போனாள்.

"சார், நாங்க மட்டும்தான் மாடு மாதிரி ஓடணுமா? குடோனுக்குப் பின்னால போய்ப் பாருங்க."

சொன்ன வாய் மூடவில்லை, அவர் கிளம்பிவிட்டார். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி ரொம்ப நேரம் நிற்கவில்லை.

மறுநாள் குடோனில் பூட்டுத் தொங்கியது. ஹெப்சிபாவைக் கழிவுப் பஞ்சு அறைக்கு மாற்றினார்கள். தரையெல்லாம் கூட்டிய தூசியும் பஞ்சும் குவிந்து கிடக்கிற அறை அது. போய் இரண்டு நாளிலேயே அவள் இருமலுக்கு விசில் சத்தம் வந்துவிட்டது. அவள் பார்த்த சைடுகளை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பாண்டிசெல்வியின் தலையிலும் ஒன்று விழுந்தது.

அந்த இரண்டாம் நாள் ஷிப்ட் முடிந்து வேனில் போகும்போது காளீஸ்வரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வத்திராயிருப்புக்காரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி பஸ் பிடித்துப் போக வேண்டும். மில்லில் பழைய ஆள், வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுகிறவள்.

"நீதான் சொன்னியா?"

பாண்டிசெல்வி ஜன்னலைப் பார்த்தாள். "ஆமாக்கா."

"அவ ஒருத்தின்னு நெனச்சியாட்டி? நாங்க அஞ்சு பேரு. ஒருத்தி செத்த நேரம் போய்க் காலை நீட்டுவா. அவ சைடை மத்தவுக ஆளுக்கு ஒண்ணு ரெண்டாப் பாப்போம். அவ வந்த பொறவு அடுத்தவ போவா. ரிலீவரை எடுத்த நாள்லருந்து அப்படித்தான் உசிர வச்சிருந்தோம். அதுவும் ஹெப்சிபா சொன்ன யோசனைதான்."

"என்னைய ஏன் கூப்புடல?" குரல் பிள்ளைகள் அழுவதுபோல் உடைந்தது. "நான் மட்டும் ஒங்களுக்கு ஆகாதவளா?"

காளீஸ்வரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒன்னையவா? பலகையில தொங்குறவளையா? தெனமும் பால்பாண்டி எங்ககிட்ட என்ன சொல்வாரு தெரியுமா? 'பாண்டிசெல்விக்கு ஏலுது, ஒங்களுக்கு ஏலலையா?' ஒன்னைய நெனச்சாலே எங்களுக்கு வயிறெரியும். இவ கால்ல என்ன இரும்பா அடிச்சிருக்குன்னு பேசிக்கிடுவோம்."

பாண்டிசெல்வி மெதுவாகச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். நரம்புகள் பச்சையும் ஊதாவுமாக முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. காளீஸ்வரி குனிந்து பார்த்தாள். பிறகு தன் சேலையையும் கொஞ்சம் தூக்கினாள். அங்கேயும் அதே முடிச்சுகள்.

வேன் ஊருக்குள் நுழைந்து கோபுரம் தெரிகிற திருப்பத்துக்கு வந்திருந்தது. "நம்மள ஒருத்திய ஒருத்தி பாத்து எரிய வச்சுட்டான்," என்றாள் காளீஸ்வரி. "இனி எரியணும்னா மாடியப் பாத்து எரிவோம்ட்டி."

மாடியில்தான் முதலாளியின் கண்ணாடி அறை. அந்த வாரக் கடைசியில் அவர் கீழே இறங்கி வந்தார். பிரேம்குமார், இளவயது. தாத்தா தொடங்கிய மில்லை எடுத்து நடத்துகிறவர். ஷிப்ட் மாறும் நேரத்தில் பெண்களை டைம் ஆபீஸ் முன்னால் கூட்டினார்கள்.

"நூல் விலை உங்களுக்கே தெரியும்," என்று தொடங்கினார். "நம்ம மில்லு ஓடணும், நீங்களும் பிழைக்கணும். அதனால திங்கட்கிழமையிலிருந்து ஆளுக்கு எட்டு சைடு."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அவர் கையைப் பலகைப் பக்கம் நீட்டினார்.

"முடியாதுன்னு சொல்லாதீங்கம்மா. இதோ, உங்கள்ல ஒருத்தர்தானே? ஏம்மா பாண்டிசெல்வி, முன்னால வாங்க. நீங்களே சொல்லுங்க, முடியுமா முடியாதா?"

எல்லாக் கண்களும் அவள்மேல் விழுந்தன. அந்தக் கண்களில் இருந்த எரிச்சலை அவள் நன்றாக அறிவாள். அவளும் அப்படித்தானே ஹெப்சிபாவைப் பார்த்தாள்? மதுரையில் வெள்ளை விரிப்பில் கிடக்கிறவன் நினைவுக்கு வந்தான். ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் அட்டை பத்திரம்.

ஆனால் எட்டு சைடில் தான் எத்தனை நாள் தாங்குவோம்? தான் விழுந்தாலும் அட்டை நின்றுதானே போகும்?

"ஏலாது சார்," என்றாள்.

"என்ன?"

"எட்டு ஏலாது. ஆறும் ஏலல. ஏலுற மாதிரி நடிச்சேன். வீட்ல பெத்த புள்ள பேசுறது காதுல ஏற மாட்டேங்குது எனக்கு. அந்தப் போட்டோவக் கழட்டிருங்க. என்னையக் காட்டி இவுகள அடிக்காதீக."

பிரேம்குமார் முகம் இறுகியது. "சரி. யாரையும் கட்டிப்போட்டு வேலை வாங்கல. முடியாதவங்க தாராளமா வேலையை விட்டு நின்னுக்கலாம். கேட்டு திறந்துதான் இருக்கு."

"எட்டு மணி நேரமா நின்னுக்கிட்டுத்தானே சார் இருக்கோம்?" பாண்டிசெல்விக்கு எங்கிருந்து வார்த்தை வந்ததென்று தெரியவில்லை. "வேலைய விட்டு நாங்க நிக்க மாட்டோம். நிக்க எங்களால முடியாது. செத்த நேரம் உக்காரத்தான் கேக்கோம். ரிலீவரத் திரும்பப் போடுங்க. நாலு சைடு குடுங்க. ஹெப்சிபாவ அந்தத் தூசி ரூம்லருந்து வெளிய விடுங்க."

"உங்களை யாரு தூண்டிவிடுறது?"

"எங்க காலு சார்," என்றாள் பின்னாலிருந்து காளீஸ்வரி. கூட்டம் சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. திங்கட்கிழமை எட்டு சைடு, விருப்பமில்லாதவர்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாடியேறினார்.

அன்று எல்லோரும் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் பேசினார்கள். ஹெப்சிபா இருமிக்கொண்டே ஒதுங்கி நின்றாள். பாண்டிசெல்வி அவளிடம் போனாள்.

"நான்தான்ட்டி சொன்னேன்."

"தெரியும்க்கா. ஒங்க மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன்." ஹெப்சிபா மூச்சை இழுத்துக்கொண்டாள். "இப்பவும் கோவம் இருக்கு. அது இருந்துட்டுப் போட்டும். திங்கக்கிழம வருவீகள்ல?"

"வாரேன்."

திங்கட்கிழமை எல்லோரும் வந்தார்கள். ஒருத்தியும் விடுப்பு எடுக்கவில்லை. பால்பாண்டி ஆளுக்கு எட்டு சைடு என்று காட்டிவிட்டுப் போனார். அவர்கள் பேசிவைத்தபடி நாலு சைடில் மட்டும் நின்றார்கள். இழை ஒட்டினார்கள், வழக்கத்தைவிடச் சுத்தமாக ஒட்டினார்கள். ஆள் நிற்காத சைடுகளில் இழைகள் அறுந்துகொண்டே போயின. வெள்ளைப் பஞ்சு மூட்டமாகக் கிளம்பி விளக்குகளை மறைத்தது.

"ஏம்மா, என்ன பண்றீங்க? அங்க பாருங்க!" பால்பாண்டி சந்துசந்தாக ஓடினார். அவர் சட்டையும் நனைந்துவிட்டது.

"எங்க சைடு ஓடுது சார்," என்றாள் ஒருத்தி.

பொழுது நன்றாக ஏறியபோது கழிவுப் பஞ்சு அறையிலிருந்து ஹெப்சிபா வெளியே வந்தாள். யாரும் அனுப்பவில்லை, அவளாக வந்தாள். பாண்டிசெல்வியின் சந்துக்குள் நுழைந்து அவள் தோளைத் தொட்டாள்.

"உக்காருங்கக்கா. நான் பாத்துக்கிடுதேன்."

"இங்கனயேவா?"

"இங்கனயேதான். இனி எதுக்கு ஒளியணும்?"

பாண்டிசெல்வி இயந்திரங்களுக்கு நடுவே, எல்லோரும் பார்க்க, தரையில் உட்கார்ந்தாள். கால்களை நீட்டினாள். முழங்காலிலிருந்து வலி கீழே இறங்குவது தெரிந்தது. அடுத்த சந்தில் காளீஸ்வரி உட்காருவதும், அதற்கடுத்த சந்தில் இன்னொரு தலை தாழ்வதும் இயந்திரங்களின் அடியில் தெரிந்தது. மாடிப்படியில் பூட்ஸ் கால்கள் தெரிந்தன. முதலாளி இறங்கி வந்துகொண்டிருந்தார். பின்னால் இரண்டு வாட்ச்மேன்கள்.

பாண்டிசெல்வி கையை ஊன்றி எழப் பார்த்தாள். ஹெப்சிபா இழையை ஒட்டியபடியே திரும்பாமல் உரக்கச் சொன்னாள்: "எந்திரிக்காதீகக்கா. ஒங்க நேரம் இன்னும் முடியல."

அவள் எழவில்லை.